கடன் சிறையும் முட்டைக்காரியும்

ஒரு தகர டப்பா. அதன் பக்கவாட்டில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. உள்ளே ஒரு சின்ன விளக்கு. அந்த ஓட்டையில் முட்டையை வைத்துப் பார்த்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். நல்ல முட்டை என்றால் வெளிச்சம் ஆரஞ்சாக வரும். கெட்டது என்றால் கறுப்பாக ஏதோ மிதக்கும். முட்டைக்காரி நாற்பது வருஷம் இந்த ஓட்டை வழியாகத்தான் உலகத்தைப் பார்த்தாள். முட்டையை மட்டுமா பார்த்தாள்? நாணயத்தைப் பார்த்தாள், அத்தாட்சிச் சீட்டைப் பார்த்தாள், தம்பிக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் கொடுத்த சர்க்கரையைக்கூட அந்த ஓட்டையில் வைத்துப் பார்த்தாள் என்று ஒரு பேச்சு உண்டு. அவள் அதை மறுக்கவில்லை.

அப்படி ஆனதற்குக் காரணம் இருந்தது. கோழி வாங்கி வருகிறேன், ரெண்டே நாளில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போன புருஷன் திரும்பி வரவே இல்லை. அதற்கப்புறம் யாராவது ‘நாளைக்கு’ என்றால் அவளுக்கு மூக்கில் வேர்க்கும். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் விற்கிற ஒவ்வொரு முட்டையின் அடியிலும் விளக்குக் கரியால் ஒரு பொட்டு வைப்பாள். யாராவது கெட்ட முட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தால் முதலில் பொட்டைத் தேடுவாள். பொட்டு இல்லை என்றால் அது அவள் முட்டை இல்லை. பொட்டு இருந்தாலும் உடனே ஒத்துக்கொள்ள மாட்டாள்.

அவள் நம்பிய ஒரே ஆள் தம்பி. அம்மா போனபோது அவனுக்கு எட்டு வயது, இவளுக்குப் பதினாறு. வளர்த்து ஆளாக்கிப் பூட்டுப் பட்டறையில் சேர்த்துவிட்டாள். கைத்தொழில் நன்றாக வந்தது. கடைத்தெருவில் பாதிக் கதவுகளில் தொங்கியது அவன் செய்த பூட்டுதான். ஊரார் அவனைப் பூட்டுக்காரர் என்றார்கள்.

கெட்ட காலம் ஒரு கிடங்கின் உருவத்தில் வந்தது. புதிதாகக் கிடங்கு கட்டிய ஒருவர் முன்னூறு பூட்டு வேண்டும் என்றார். தம்பி இரும்புக்கடையில் கடனுக்குத் தகடு எடுத்தான், பித்தளை எடுத்தான், ராப்பகலாக அரத்தால் ராவி முன்னூறையும் முடித்தான். அதற்குள் கிடங்குக்காரர் கிடங்கையே விற்றுவிட்டுக் கிளம்பிவிட்டார். முன்னூறு பூட்டும் பட்டறைச் சுவரில் கொத்துக் கொத்தாகத் தொங்கின. இரும்புக்கடைக்காரர் மூன்று மாதம் பார்த்தார். பிறகு கோர்ட்டுக்குப் போனார். கோர்ட்டு, கொடுக்க முடியாத கடனுக்கு ஆளைப் பிடித்து உள்ளே போடச் சொல்லிவிட்டது. ஊருக்கெல்லாம் பூட்டுப் போட்டவனை ஒரு பூட்டு உள்ளே போட்டுவிட்டது என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். முட்டைக்காரி யார் யார் சிரித்தார்கள் என்று மனதில் குறித்துக்கொண்டாள். அந்த வீடுகளுக்கு அதற்கப்புறம் சின்ன முட்டைதான் போயிற்று.

கடன் சிறை கடைத்தெருவின் கோடியில் இருந்தது. மாடி வைத்த பழைய கட்டிடம். தெருப் பக்கமாக ஒரு கம்பி ஜன்னல். அந்த ஜன்னலின் கல்விளிம்பில் கயிறு அறுத்த பள்ளம் ஒன்று இருக்கும். அந்தக் காலத்தில் உள்ளே இருப்பவர்களுக்குச் சாப்பாடு கிடையாது. ஒரு தகரப் பெட்டியைக் கயிற்றில் கட்டித் தெருவுக்கு இறக்கிவிட்டு, போகிற வருகிறவர்களைக் கூப்பிடுவார்களாம். போட்டால் சாப்பாடு, போடாவிட்டால் பட்டினி. ஒரு துணி வியாபாரி தினமும் அந்த வழியாகப் போவார், ஒரு காசு போட மாட்டார். குடித்துத் தீர்ப்பார்கள் என்று அவருக்குச் சந்தேகம். ஒருநாள் கயிறு இறங்கவில்லை. கயிற்றைப் பிடித்திருந்தவன் பட்டினியில் செத்துப்போயிருந்தான். வியாபாரிக்கு அந்தப் பெட்டி கனவில் வர ஆரம்பித்தது. சொத்தில் பாதியை எழுதிவைத்து ஒரு தர்மசபை தொடங்கினார். கடன் பட்டு உள்ளே கிடப்பவன் எவனும் ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கக் கூடாது என்பது அவர் உயிலில் முதல் வரி.

அதெல்லாம் பழைய கதை. பிறகு சட்டம் மாறிவிட்டது. அதை முட்டைக்காரிக்குச் சொன்னவர் சிறை வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த வாசல்காரர். முதல் நாள் அவள் கேட்ட கேள்விகளில் களைத்துப்போய்ச் சொன்னார்.

“அம்மா, உன் தம்பியை உள்ளே வைக்கச் சொன்னவர்தான் அவனுக்குச் சாப்பாட்டுப் பணம் கட்டணும். வாரா வாரம் திங்கட்கிழமை, மத்தியான மணி அடிக்கறதுக்குள்ள, இந்த மேஜை மேல வைக்கணும். வரலைன்னா கதவைத் திறந்து விட்டுடணும். அப்புறம் அதே கடனுக்கு மறுபடி பிடிக்க முடியாது. கடன் மட்டும் நிக்கும்.”

“எந்த வாரம் வரலைன்னாலும்?”

“எந்த வாரம் வரலைன்னாலும்.”

அவள் அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாள். அடுத்த திங்கட்கிழமை முட்டைக்கூடை கடைத்தெரு முனையில் இல்லை, சிறைக்கு நேர் எதிரே இருந்தது. இரும்புக்கடைக்காரர் கையிறுக்கமான மனுஷர். எத்தனை வாரம் தாங்குவார்? ஒரு திங்கட்கிழமை மறப்பார், அல்லது மனசு வராது. அன்றைக்குத் தம்பி வெளியே. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

திங்கட்கிழமை தோறும் இரும்புக்கடைக் கணக்கர் குடையும் கையுமாக வருவார். மேஜையில் பணம் வைப்பார், சீட்டு வாங்குவார், அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். பத்து வாரம் இப்படிப் போயிற்று. பதினோராவது வாரம் குடை வரவில்லை.

முட்டைக்காரி எழுந்து நின்றாள். தெருவைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். மணி அடித்தது. கதவு அசையவில்லை. மேஜைக்கு ஓடினாள்.

“பணம் வந்தாச்சு,” என்றார் வாசல்காரர்.

“யார் கொண்டு வந்தது?”

“வந்தாச்சுன்னா வந்தாச்சு. போய் முட்டையைப் பாரு.”

அடுத்த வாரமும் குடை வரவில்லை. பணம் வந்தாச்சு. அதற்கடுத்த வாரமும் அப்படியே. இனி முட்டைக்காரியின் மண்டைக்குள் நடந்ததைச் சொல்ல ஒரு நாள் போதாது. முதலில் பின்வாசலைச் சந்தேகப்பட்டாள். சுற்றிப் போய்ப் பார்த்தாள், பின்வாசலே இல்லை. பிறகு வாசல்காரரைச் சந்தேகப்பட்டாள். தம்பி உள்ளே போனதிலிருந்து சிறையில் இருந்த துருப்பிடித்த பூட்டுகளை எல்லாம் அவனிடம் கொடுத்துச் சும்மா சரிபண்ணிக்கொண்டிருந்தார்கள். கூலி இல்லாத பூட்டுக்காரனை யார் வெளியே விடுவார்கள்? இதைத் தம்பியிடமே கேட்டாள். கம்பிக்குப் பின்னால் நின்று அவன் சிரித்தான்.

“அக்கா, இந்தப் பெரிய கதவுப் பூட்டும் நான் சரிபண்ணினதுதான். ஒரு ஆணி இருந்தாப் போதும், நானே திறந்துட்டு வந்துடுவேன்.”

“அப்ப ஏன்டா வரல?”

“திறக்கத் தெரிஞ்சவன் திறக்கக் கூடாதுக்கா. அப்புறம் எவன் என்கிட்ட பூட்டு வாங்குவான்?”

அவன் மெலிந்திருந்தான். விரல்கள் ராவின தூள் இல்லாமல் வெளுத்துக் கிடந்தன. அது அவளை என்னவோ செய்தது. வீட்டுக்கு வந்து தம்பி பெண்டாட்டியைச் சந்தேகப்பட்டாள். அந்தப் பெண் காலையில் நாலு வீட்டில் துணி தைத்துக் கொடுத்து, சாயங்காலம் இன்னும் இரண்டு வீட்டுக்குப் போகிறவள். முட்டைக்காரி சுற்றி வளைத்துப் பேச்சுக் கொடுத்தாள். வரும்படி எவ்வளவு, செலவு போக மிச்சம் என்ன, திங்கட்கிழமை காலையில் எங்கே போகிறாய். மூன்றாவது கேள்வியில் அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள்.

“என் புருஷனை உள்ளேயே வெச்சிருக்க நான் பணம் கட்டறேனா, அண்ணி? நான் ஒண்ணு கேக்கறேன். அவர் உள்ளே போனதுலேர்ந்து வாரா வாரம் மூணு டஜன் முட்டை ஜெயிலுக்கு யார்கிட்டேர்ந்து போகுது? யாருக்கு யாவாரம் நல்லா நடக்குது?”

முட்டைக்காரி எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். ஏனென்றால் அது உண்மை.

தர்மசபைச் செயலாளர் என்று ஒருவர். தபால் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடி, தோல்பை, நடந்தால் செருப்புச் சத்தம்கூடக் கேட்காது. தம்பி உள்ளே போன இரண்டாவது வாரத்திலிருந்து அவர் திங்கட்கிழமை காலையில் வந்து, கைதிகளுக்கென்று அவளிடமே மூன்று டஜன் முட்டை வாங்கினார். பேரம் பேச மாட்டார். சொன்ன விலை, எண்ணிய காசு, ஒரு கும்பிடு. பேரம் பேசாத மனுஷன் எதையோ பிறகு கேட்கப் போகிறான் என்று அவளுக்கு முதல் நாளே பட்டது. வீட்டை எழுதிக் கேட்பாரோ, எங்காவது கைநாட்டு வைக்கச் சொல்வாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு தடவை சபை சார்பாகப் போர்வை கொடுத்தார். வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். அவர் வருத்தப்படவில்லை, அடுத்த வாரமும் கொண்டுவந்தார். அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

தம்பி பெண்டாட்டி சொன்ன சொல் முள்ளாகக் குத்தியதால், அடுத்த திங்கட்கிழமை அவள் முட்டையை அவர் கையில் கொடுக்கவில்லை. நானே உள்ளே கொண்டுவந்து வைக்கிறேன், உடைந்தால் யார் பொறுப்பு என்றாள். அவர் சரி என்றார். இதற்கும் சரிதானா என்று நினைத்துக்கொண்டே அவள் பின்னால் போனாள். மேஜை மேல் முட்டையை இறக்கினாள். அவர் தோல்பையைத் திறந்தார். நாணயங்களை எடுத்து ஆறு சின்னக் குவியலாக அடுக்கினார். வாசல்காரர் ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு பேர் எழுதினார்.

“இது என்னங்க?” என்றாள் முட்டைக்காரி.

அவர் முகம் மலர்ந்தது. யாரும் அவரிடம் அதைக் கேட்டதே இல்லை போலிருக்கிறது. சில பேருக்குக் கடன் கொடுத்தவர்கள் சாப்பாட்டுப் பணம் கட்டாமல் விட்டுவிடுகிறார்களாம். உள்ளே இருப்பவன் பட்டினி கிடக்கக் கூடாது இல்லையா? அதனால் எவனுக்குப் பணம் வரவில்லையோ அவனுக்குச் சபை கட்டிவிடும். அறுபத்திரண்டு வருஷமாக ஒரு வாரம் தவறியதில்லை. ஆண்டறிக்கையில் அதைத் தனியாகப் போட்டிருக்கிறார்கள்.

“என் தம்பிக்குமா?”

“அவருக்கு ஏழு வாரமா நாங்கதாம்மா கட்டறோம்.”

முட்டைக்காரி காலிக்கூடையைத் தரையில் வைத்தாள்.

“ஐயா,” என்றாள். “பணம் வரலைன்னா கதவு திறக்கணும். நீங்க கட்டறதாலதான் அது மூடியிருக்கு.”

அவருக்கு முதலில் புரியவில்லை. வாசல்காரரைப் பார்த்தார். வாசல்காரர் பேனா முனையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சட்டம் அப்படித்தான்,” என்றார் வாசல்காரர். “என்கிட்ட யாரும் கேக்கல.”

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார். சட்டம் வருவதற்கு முன்னால் போட்ட தர்மம், சட்டம் வந்தபிறகும் அப்படியே நடந்துகொண்டிருந்திருக்கிறது. உயிலில் இருக்கிறது, செய்கிறோம். அவருக்கு முன்னால் இருந்த செயலாளர் செய்தார், அவருக்கு முன்னால் இருந்தவரும் செய்தார். அறுபத்திரண்டு வருஷத்தில் எத்தனை திங்கட்கிழமை? அவர் உதடு ஏதோ எண்ண ஆரம்பித்து நின்றுவிட்டது. அந்த முகத்தைப் பார்த்தவர்களுக்குப் பாவமாக இருந்திருக்கும். முட்டைக்காரி விளக்கு டப்பா இல்லையே என்று நினைத்தாள். நடிக்கிறாரோ?

“உங்க சபையில இரும்புக்கடைக்காரர் இருக்காரா?” என்று கேட்டாள்.

இருந்தார். வருஷச் சந்தா கட்டுகிற உறுப்பினர். கல்வெட்டில் பேர்கூட இருக்கிறது. சந்தா எவ்வளவு என்று கேட்டாள். சொன்னார். முட்டைக்காரி விரலை மடக்கிப் பார்த்தாள். வருஷச் சந்தா, ஆறு வாரச் சாப்பாட்டுப் பணம்கூட இல்லை. ஆறு வாரத்துக்குக் குறைவாகக் கொடுத்துவிட்டு வருஷம் முழுவதும் ஆளை உள்ளே வைத்திருக்கலாம். தெரிந்தே செய்தாரா, தெரியாமல் செய்தாரா? செயலாளர், அவர் நல்லவர் என்றார். முட்டைக்காரி, மேலே நன்றாக இருக்கிற முட்டையைத்தான் விளக்கில் வைக்க வேண்டும் என்றாள்.

கட்டுவதை நிறுத்துங்கள் என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். முடியாது. உயில் இருக்கிறது. ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கக் கூடாது.

“நான் பட்டினி போடச் சொல்லல. உயில்ல பணம் கட்டணும்னு இருக்கா, சோறு போடணும்னு இருக்கா?”

அவருக்கு உயில் மனப்பாடம். மெல்ல ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

“பட்டினி கிடக்கக் கூடாதுன்னு மட்டும்தான் இருக்கு.”

“அப்ப சாப்பாடா கொண்டாங்க. முட்டை, ரொட்டி, எது வேணும்னாலும் கொண்டாங்க. மேஜை மேல காசு வைக்காதீங்க. வயிறும் நிறையும், கதவும் திறக்கும்.”

வாசல்காரர் முதல் தடவையாகத் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். செயலாளர், கமிட்டியில் வைக்க வேண்டும், அடுத்த மாதம் கூட்டம் என்று இழுத்தார். அந்தக் கூட்டத்தில் இரும்புக்கடைக்காரர் உட்கார்ந்திருப்பாரா என்று அவள் கேட்டாள். உட்கார்ந்திருப்பார். அப்படியானால் மறுநாளே குடை வந்துவிடும் என்றாள். யாரிடமும் சொல்லாதீர்கள், வீட்டு அம்மாவிடம்கூடச் சொல்லாதீர்கள், இந்தத் திங்கட்கிழமை போகட்டும், வருகிற திங்கட்கிழமை காசில்லாமல் வாருங்கள். வாசல்காரர் பக்கம் திரும்பி, நீங்களும்தான் என்றாள். அவர், என்கிட்ட யாரும் கேக்க மாட்டாங்க என்றார்.

செயலாளர் ஆகட்டும் என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பார்க்கிறேன் என்றார். நாளைக்கு என்பதைவிட மோசமான வார்த்தை அது.

அந்த ஏழு நாளும் அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. தம்பியிடம் சொல்லவில்லை, சிரித்துவிடுவான். தம்பி பெண்டாட்டியிடமும் சொல்லவில்லை, தைக்கிற வீட்டில் சொல்லிவிடுவாள். அந்த வீட்டுக்காரி இரும்புக்கடை வீட்டுக்கு ஏதோ உறவு. முட்டைகளிடம்கூடச் சொல்லவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை வந்தது. சிறைக்கு எதிரே கூடை, விளக்கு டப்பா, வெயில் வெளிச்சத்தை மறைக்கத் தலைமேல் போட்டுக்கொள்ளக் கறுப்புத் துணி. செயலாளர் வந்தார். கையில் தோல்பை இருந்தது. முட்டைக்காரிக்கு மனசு விட்டுப்போயிற்று. பை எதற்கு? அவர் அவளைப் பார்க்காமலே மூன்று டஜன் முட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். தோல்பையிலிருந்து ரொட்டி வந்தது. இன்னொரு ரொட்டி வந்தது. பொட்டலம் பொட்டலமாக மேஜை நிறைந்தது. காசு வரவில்லை. அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுச் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டார்.

மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருந்தபோது தெருக்கோடியில் குடை தெரிந்தது.

அதே குடை, அதே கணக்கர், அவசரமில்லாத அதே நடை. ஏழு வாரமாக வராத மனுஷன் இன்றைக்கு எங்கே வருகிறார்? யார் சொன்னது? வாசல்காரரா? செயலாளரின் வீட்டு அம்மாவா? அதை யோசிக்க நேரமில்லை. கணக்கர் சிறை வாசலுக்கும் அவள் கூடைக்கும் நடுவில் வந்து நின்றார். ஒரு கை சட்டைப் பைக்குள் இருந்தது. கூடையைப் பார்த்தார்.

“முட்டை என்ன விலை?”

வாயில் வந்ததை ஒரு விலையாகச் சொன்னாள். ரொம்பக் குறைவு. அவருக்கே ஆச்சரியம். ஒரு டஜன் கொடு என்றார். அவள் முதல் முட்டையை எடுத்தாள், துணியைத் தலைமேல் போட்டுக்கொண்டாள், ஓட்டையில் வைத்தாள், திருப்பினாள், இன்னொரு பக்கம் திருப்பினாள், வெளியே எடுத்தாள், தலையை ஆட்டி ஓரமாக வைத்தாள். இரண்டாவதை எடுத்தாள்.

“நல்லாத்தானே இருக்கு, குடும்மா.”

“இருங்க. இரும்புக்கடை வீட்டுக்குப் போற முட்டை. நாளைக்கு ஒண்ணு கெட்டுப்போச்சுன்னா என் தலைதான் உருளும்.”

அன்றைக்கு அந்தக் கூடையில் இருந்த முட்டைகளைப்போல் சந்தேகத்துக்கு ஆளான முட்டைகள் உலகத்தில் இருந்திருக்காது. ஒவ்வொன்றையும் மூன்று தரம் பார்த்தாள். காதில் வைத்து ஆட்டினாள். பொட்டு சரியாக இல்லை என்று அழித்துவிட்டு வேறு பொட்டு வைத்தாள். கணக்கர் கால் மாற்றி நின்றார், கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார், நான் இதோ வந்துவிடுகிறேன் என்று ஒரு அடி எடுத்து வைத்தார். அவள் அப்போதுதான் பதினோராவது முட்டையை அவர் கையில் வைத்து, இதைப் பிடியுங்கள், கீழே வைத்தால் உருண்டுவிடும் என்றாள். ஒரு கையில் குடை, ஒரு கையில் முட்டை. பன்னிரண்டாவதைத் துணிக்குள் கொண்டுபோனாள்.

மணி அடித்தது.

துணியை விலக்கினாள். கணக்கர் சிறைக்கதவைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். முட்டைகளை வாங்கிக்கொண்டு, சொன்ன விலையை எண்ணிக் கொடுத்துவிட்டு, வந்த வழியே போனார். பணம் கட்டத்தான் வந்தாரா, முட்டை வாங்கத்தான் வந்தாரா? அதை அவள் கடைசிவரை தெரிந்துகொள்ளவே இல்லை.

கதவு திறந்தது. வாசல்காரர் ஒரு தாளைப் பார்த்து ஆறு பேரைக் கூப்பிட்டார். நாலாவதாக வந்தவன் தம்பி. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினான். வெளியே ஓடி வரவில்லை. நின்று, திரும்பி, கதவுப் பூட்டை விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்தான்.

“எண்ணெய் போடணும்,” என்றான்.

முட்டைக்காரி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் வலிக்குதுக்கா என்று சொல்லும்வரை விடவில்லை.

வீட்டில் தம்பி பெண்டாட்டி ஒரு நாள் முழுக்க அழுதாள். மறுநாள், என்னிடம்கூடச் சொல்லவில்லையே அண்ணி என்று ஒரு வாரம் பேசாமல் இருந்தாள். முன்னூறு பூட்டும் மெல்ல விற்றன. சிறையில் இருந்து வந்த பூட்டுக்காரன் திறக்கத் தெரிந்தும் திறக்கவில்லை என்று வாசல்காரர் எங்கோ சொல்லி வைத்திருந்தார். அதற்காகவே சிலர் வந்து வாங்கினார்கள். இரும்புக்கடைக் கடன் மூன்று வருஷத்தில் தீர்ந்தது. முட்டைக்காரி ஒவ்வொரு தவணைச் சீட்டையும் விளக்கு டப்பாவில் வைத்துப் பார்த்துத்தான் வாங்கினாள். கதவு திறந்த அடுத்த மாதமே கமிட்டி கூடிச் சாப்பாடாகவே கொடுப்பது என்று எழுதிக்கொண்டது. இரும்புக்கடைக்காரர் அந்தத் தீர்மானத்துக்கு முதல் ஆளாகக் கை தூக்கினாராம். அதைக் கேட்ட அன்று அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை மத்தியானத்திலேயே இன்னொன்று நடந்தது. ஆறு பேர் போய்விட்டதால் முட்டை மிஞ்சிவிட்டது. செயலாளர் இரண்டு டஜனைத் தூக்கிக்கொண்டு வந்து, திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். அவர் கண் சிவந்திருந்தது. முட்டைக்காரி கூடையை நகர்த்தி அவருக்கு நிழலில் இடம் விட்டாள். அவர் உட்கார்ந்தார். அவள் துணியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு முட்டையாகப் பார்க்க ஆரம்பித்தாள். பதினேழாவது முட்டையில் கறுப்பாக ஏதோ மிதந்தது.

“இது நான் குடுத்த முட்டை இல்ல.”

அவர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அடியில் கரிப்பொட்டு இருந்தது. காட்டினார்.

“பொட்டு யார் வேணும்னாலும் வைக்கலாம்,” என்றாள் முட்டைக்காரி. அந்த ஒரு முட்டைக்கு மட்டும் காசைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை எண்ணி அவர் கையில் கொடுத்தாள்.